5⁰ ஏன் 1? அடுக்கு விதிகளை விரிச்சுப் பார்ப்போம்

போன வாரம் எங்க வீட்டுல நடந்த விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கிற என் பொண்ணு கணக்கு நோட்டோட வந்து, "அப்பா, 5⁰ எப்படி 1 ஆகும்? 0 தானே வரணும்?"னு கேட்டா. நான் யோசிக்காம, "அது விதிம்மா, மனப்பாடம் பண்ணிக்கோ"ன்னுட்டேன். அவ முகம் சுருங்கிப் போச்சு.

அவ வயசுல நானும் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலைத்தான் வாங்கினேன். அதிலிருந்து அல்ஜீப்ரான்னாலே எனக்குப் பயம். அந்தப் பயத்தை அவகிட்ட கொடுத்துடக் கூடாதேன்னு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு பேரும் பேப்பர் பேனாவோட உட்கார்ந்தோம்.

அடுக்கு என்பது ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குவதைச் சுருக்கி எழுதும் முறை. 2³ என்றால் 2 × 2 × 2. கீழே இருக்கும் 2 அடிமானம். மேலே சின்னதா இருக்கும் 3 அடுக்கு. எத்தனை 2-ஐப் பெருக்குறோம்னு அது சொல்லுது.

"சரி, 2³ × 2⁴ எவ்வளவு?"னு கேட்டேன். "2¹²"ன்னா. விரிச்சு எழுதச் சொன்னேன். மூணு 2, பக்கத்துல நாலு 2. எண்ணிப் பார்த்துட்டு, "ஏழுதான் இருக்கு. அப்போ 2⁷!"ன்னா. சரிபார்த்தோம்: 8 × 16 = 128. 2⁷-ம் 128.

அப்போ 3-ஐயும் 4-ஐயும் எப்போ பெருக்கணும்? (2³)⁴ வரும்போது. மூணு 2 சேர்ந்த கட்டு, அப்படி நாலு கட்டு. மொத்தம் பன்னிரண்டு. அதனால 2¹².

இங்கே நிறைய பேர் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. 2³ + 2⁴-க்கு இந்த விதி கிடையாது. 8 + 16 = 24, அவ்வளவுதான். அடுக்குகளைக் கூட்டுவது, ஒரே அடிமானம் உள்ள எண்களைப் பெருக்கும்போது மட்டும்.

வகுத்தலுக்கு வந்தோம். 5⁶ ÷ 5⁴. மேலே ஆறு 5, கீழே நாலு 5. நாலும் நாலும் அடிபட்டுப் போக, மிச்சம் ரெண்டு. அதனால 5². அதாவது, அடுக்குகளைக் கழிக்கணும்.

"இப்போ 5³ ÷ 5³ போடு"ன்னேன். கழிச்சா 5⁰. ஆனா 125-ஐ 125-ஆல் வகுத்தா 1. ரெண்டும் ஒரே கணக்கு, விடையும் ஒண்ணாத்தான் இருக்கணும். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துட்டு இருந்தவ, அவளாவே 125, 25, 5-ன்னு வரிசையா எழுதினா. ஒவ்வொரு படி இறங்கும்போதும் 5-ஆல் வகுக்குறோம். 5-க்கு அடுத்து 1. "அதுக்கும் கீழே இறங்கினா 1/5. அதுதான் 5⁻¹-ஆ அப்பா?"ன்னா. அதை நான் இன்னும் சொல்லியே கொடுக்கலை!

ஒரே ஒரு எச்சரிக்கை. அடிமானம் 0-ஆக இருந்தா இந்த வாதம் செல்லாது, ஏன்னா 0-ஆல் வகுக்க முடியாது.

விதி மறந்து போனா பரவாயில்லைங்க. விரிச்சு எழுதுங்க, எண்ணுங்க, விதி தானா வந்துடும். உங்க வீட்டுப் பிள்ளை "ஏன்?"னு கேட்டா, பதில் தெரியலைன்னாலும் கூட உட்காருங்க. எனக்கே அன்னைக்குத்தான் புரிஞ்சுது.