கட்டடக் கலையின் அடிப்படைத் தத்துவங்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



கி. மு. முதலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த விற்றுரூவியஸ் என்னும் உரோமர், கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் புத்தகங்கள் எழுதினார். உறுதி, பயன், அழகு என்னும் மூன்றையும் கட்டடத்திற்கு இலக்கணமாக வகுத்தவர் அவரே. இம்மூன்றையும் தனித்தனியே தேடிப் பெற இயலுமா? இயலாது என்பதே எமது கருத்து. இதனை விளக்க யாழ்ப்பாணத்து நாற்சார் வீடே போதும்.

நடுவே வானம் பார்த்த முற்றம்; அதனைச் சுற்றி விறாந்தை; அப்பால் அறைகள். முற்றத்தால் வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன. வைரம் பாய்ந்த பனைமரம் ஓட்டுக் கூரையைத் தாங்குகின்றது. சரிந்த கூரை மாரி மழையை வழித்துவிடும். அதன் தாழ்வாரம் சுவரை வெயிலினின்றும் மழையினின்றும் காக்கும். அந்நிழலும் தூண் வரிசையுமே வீட்டிற்கு அழகு. அழகென்று தனியே ஒன்றை எவரும் கொண்டுவந்து ஒட்டவில்லை.

யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கின்றது. சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகற் சூரியன் எமது உச்சிக்கே வருகிறான். ஆதலால் வெப்பத்தைப் பெரிதும் ஏற்பவை கூரையும் கிழக்கு மேற்குச் சுவர்களுமே. தென்மேற்கிலிருந்து சோளகமும் வடகிழக்கிலிருந்து வாடையும் வீசுகின்றன. யன்னல்களுக்குத் தெற்கும் வடக்குமே உகந்தவை என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றை அறியாமல் நாமும் ஒரு தவறு செய்தோம். எம் பழைய வீட்டை இடித்து, தட்டையான கொங்கிறீற்றுக் கூரையுடன் புதுவீடு கட்டினோம். வீதிக்கு எடுப்பாயிருக்கும் என்று வாதாடி, மேற்கே பெரிய கண்ணாடி யன்னலும் வைப்பித்தோம். பங்குனி வந்தது. பகலெல்லாம் உண்ட வெப்பத்தைக் கூரை இரவிலே உமிழ்ந்தது. அம்மம்மா ஒரு குறையும் கூறவில்லை; பாயைச் சுருட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டார். வீடு உறுதியாகத்தான் நின்றது. வீதியாலே போனவர்கள் அழகென்றும் சொன்னார்கள். ஆனால், அதிலே உறங்க வேண்டியவர் வெளியே கிடந்தார்!

பழைய வீட்டை அப்படியே பிரதி செய்யுங்கள் என்று நாம் கூறவில்லை. காணிகள் சுருங்கிவிட்டன, சீமேந்தும் வேண்டியதே. எனினும், 2009 ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை அத்திவாரத்திலிருந்து மீண்டும் கட்ட நேர்ந்தது. இனிக் கட்டப்போகிறவர்கள் இளைஞராகிய நாமே. அத்திவாரம் வெட்டுமுன் சில வினாக்களைக் கேட்போம். வெயில் எங்கே விழும்? காற்று எவ்வழி புகும்? மழைநீர் எங்கே போகும்? எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டிலுள்ள முதியவர் எங்கே படுப்பார்? அதனை அவரிடமே கேட்டபின் படம் வரைவோமாக.