நினைவிழந்தவரை அழைக்கும் பாட்டு



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளை வருகிறது. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை இராச்சியத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி வீடுகளுக்குள் விழவில்லை. பள்ளியில் மலையாளம் கற்று, வீட்டில் தமிழ் பேசி, இரு மொழிப் பாட்டையும் கேட்டு வளர்ந்தோர் இவ்வெல்லையோரச் சிற்றூர்களில் உண்டு. இப்பக்கத்து இசைக்கு எல்லை தெரியாது என்பதற்கு, 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற நெய்யாற்றின்கரை வாசுதேவனின் கருநாடக இசையே போதும்.

இச்சிற்றூர்களுள் ஒன்றிலே பிறந்த இளைஞன் ஒருவன், இருசக்கர வண்டியில் செல்லுங்கால் தலையில் அடிபட்டு நினைவிழந்தான் என்று கொள்வோம். வாரங்கள் கழிகின்றன. கண் திறக்கிறது, பார்வை எதிலும் நிலைக்கவில்லை. கையைத் தூக்குமாறு மருத்துவர் மலையாளத்திற் சொல்கிறார். கை அசையவில்லை. அருகில் நிற்கும் தாய்க்கு ஒரே கேள்விதான்: தன் மகன் உள்ளே இருக்கிறானா, இல்லையா?

இக்கேள்விக்கு விடை கூறுவது கைதேர்ந்த மருத்துவர்க்கும் எளிதன்று. இலண்டனில் பட்னி என்னுமிடத்தில் நரம்புநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. உணர்வே அற்றவர் எனக் குறிக்கப்பெற்று அங்கு வந்த 40 பேரை ஆராய்ந்ததில், 17 பேருக்கு உணர்வு இருந்தது என 1996-இல் வெளியான ஆய்வு கூறிற்று. அந்தப் பதினேழு பேருள் பெரும்பாலோர் பார்வை இழந்தவர் அல்லது பார்வை மிகக் குன்றியவர். கண்முன் விரலையும் ஒளியையும் காட்டிப் பார்த்தவர்க்கு மறுமொழி கிட்டாததில் வியப்பென்ன?

2024-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு இன்னும் ஆழமானது. கட்டளைக்குச் சிறிதும் அசையாத 241 பேரின் மூளையைக் கருவிகளால் நோக்கியபோது, 60 பேரின் மூளை அக்கட்டளையைப் புரிந்து செயற்பட்டது தெரிந்தது. நால்வரில் ஒருவர்! உடல் பேசவில்லை, உள்ளம் கேட்டுக்கொண்டிருந்தது.

அங்ஙனமாயின் செவிவழியே அழைத்துப் பார்க்கலாமன்றோ? இங்கேதான் இசை வருகிறது. பேச்சைப் போல இசை மூளையின் ஓரிடத்தைப் பெரிதும் நம்பியிருப்பதன்று. ஒலியை உணரும் பகுதி, தாளத்தோடு உடலை அசைக்கும் பகுதி, நினைவின் பகுதி, இன்பதுன்பத்தின் பகுதி ஆகிய யாவற்றையும் அது ஒருங்கே தொடுகிறது. ஒரு வழி அடைபட்டாலும் வேறொரு வழி திறந்திருக்கக் கூடும். இடப்பக்க மூளை கெட்டுப் பேச்சிழந்தவர் சிலர் பழம்பாட்டைச் சொல்லோடு பாடுவதை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். அதனைக் கொண்டே சொற்களை இராகமிட்டுப் பயிற்றும் முறை 1973-இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்றது.

பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர் 2015-இல் வெளியிட்ட சோதனை நமக்கு மிகவும் பிடித்தது. நினைவு குன்றியவர்க்கு அவர் விரும்பிய பாட்டை முதலிற் கேட்பித்தனர். பின்பு அவர் பெயரைச் சொல்லி மூளையின் மின்னலைகளைப் பதிந்தனர். வேறொரு வேளையில் பாட்டுக்குப் பதிலாக வெற்றொலியைக் கேட்பித்துப் பெயரைச் சொன்னார்கள். பாட்டுக்குப் பின் சொன்ன பெயரையே மூளை அடிக்கடி வேறுபடுத்தி அறிந்தது. கதவைத் தட்டிவிட்டுப் பெயர் சொல்லி அழைப்பது போன்றது இது. ஆயினும் ஆராயப்பட்டவர் சிலரே. பாட்டு மூளைக் காயத்தை ஆற்றும் என்று யாரேனும் விலைபேசினால் நம்பற்க. நினைவு திரும்பிய பின்னர்க் கவனத்தையும் ஞாபகத்தையும் இசைவழிப் பயிற்றுவது வேறு செய்தி. அதனைப் பற்றிப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்து டாக்டர் சாந்தலா ஹெக்டே 2014-இல் எழுதியுள்ளார்.

எந்தப் பாட்டு என்பதே இனி நம் கவலை. நோயாளி முன்பே அறிந்து விரும்பிய பாட்டாக இருத்தல் வேண்டும். நம் எல்லைப்புற இளைஞனுக்கு அது வில்லுப்பாட்டோ, கோயிற் பாட்டோ, தேவாலயக் கீர்த்தனையோ, திரைப்பாட்டோ; தமிழோ, மலையாளமோ. மருத்துவமனை ஏடு இதைச் சொல்லாது. வீட்டார்தாம் சொல்ல வேண்டும். பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் உங்கட்கு இது இன்னும் பொருந்தும். தமிழ் தவிர வேறு அறியாத முதியவர் ஒருவரை மராத்தியில் கையைத் தூக்கச் சொல்லி, அவர் தூக்காமற் போனால், குறை யாருடையது?

பாட்டை நாள் முழுதும் ஓடவிடுதல் தவறு. வானொலி நிலையத்தில் அமர்ந்து இதைச் சொல்ல நமக்கே சற்று நாணமாக இருக்கிறது! ஓயாத ஒலி காயமுற்ற மூளையைக் களைப்புறச் செய்யும். மருத்துவரின் இசைவு பெற்று, அறை அமைதியாயிருக்கும் வேளையிற் சில நிமிடமே கேட்பியுங்கள். பின்பு நிறுத்துங்கள். கண் திரும்பிற்றா, மூச்சு மாறிற்றா, விரல் அசைந்ததா என நோக்குங்கள். பாட்டில்லாத வேளையிலும் அவ்வாறே நோக்குங்கள். ஏனெனில் தானே நிகழும் அசைவை நம் ஆசை மறுமொழியாகக் காட்டிவிடும். கண்டதை நாளும் நேரமும் இட்டு எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

அத்தாளின் தலைப்பில் அவருக்குத் தெரிந்த மொழியையும், அவர் விரும்பிய இரண்டு பாட்டையும், வீட்டில் அவரை அழைக்கும் பெயரையும் குறித்துவிடுங்கள். பதிவேட்டுப் பெயரால் அவரை அம்மா ஒருநாளும் அழைத்திருக்க மாட்டார்.