இரண்டு மறைவிடங்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் நாளில் அறிவுரை கசக்கும், கதை இனிக்கும். ஆகவே ஒரு கதை சொல்கிறேன்.

இங்கிலாந்தில் டோல்கீன் என்றொரு பேராசிரியர் இருந்தார். 4 வயதில் தந்தையையும் 12 வயதில் தாயையும் இழந்தவர். 1916-இல் சோம் போர்க்களத்திலிருந்து காய்ச்சலோடு திரும்பியவர். அதன்பின் அவர் எழுதத் தொடங்கிய கற்பனை உலகத்தில் இரண்டு மறைவிடங்கள் உண்டு.

முதலாவது, கோண்டோலின். மலைகள் சூழ்ந்த வெண்ணிற நகரம். பகைவன் கண்ணில் படாது. உள்ளே வந்தவர் வெளியே போகக்கூடாது என்பது அரசன் டூர்கோனின் சட்டம். நகரை விட்டுப் புறப்படும்படி நீர்த்தெய்வம் தூது அனுப்பியும் அவன் கேட்கவில்லை. கட்டிய நகரத்தின் மேல் அவ்வளவு ஆசை! கடைசியில் என்ன ஆச்சு? அவனுடைய தங்கை மகனே காட்டிக் கொடுத்தான். நகரம் எரிந்தது. அரசனும் மாண்டான்.

தப்பியவர்களில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுடைய மகன் எல்ரோண்ட் பின்னாளில் அமைத்ததே இரண்டாவது மறைவிடமான ரிவெண்டெல். 1937-இல் வெளிவந்த ‘ஹாபிட்’ நூலில் அது வருகிறது. அதுவும் ஆழப் பள்ளத்தாக்கில் ஒளிந்திருக்கும் வீடுதான். ஆனால், வந்தவரைத் தடுத்து வைக்கும் சட்டம் அங்கே இல்லை. களைத்து வந்தவர் உண்டு, உறங்கி, வழி கேட்டுப் புறப்படுவார்.

தந்தையைப் பறிகொடுத்த 2 வயதுக் குழந்தை ஒன்று அங்கே வளர்ந்தது. அதற்கு எஸ்டெல் என்று பெயர். ‘நம்பிக்கை’ என்று பொருள். 20 வயதானதும் எல்ரோண்ட் அவனை அழைத்தார். அவன் அரசகுலத்து அரகோர்ன் என்ற உண்மையைச் சொன்னார். முன்னோரின் உடைந்த வாளையும் கையில் கொடுத்தார். அவன் வெளியே போனான். பல்லாண்டு அலைந்தான். பிறகு அரசனானான்.

பெற்றோர்களே, நம்ம பள்ளியும் ஓர் அடைக்கலம்தான். சின்னப் பிள்ளைக்குத் தாய்மொழியின் கதகதப்பு வேணும். ஆனால், ஆறாம் வகுப்பு முடிஞ்சதும், “இடைநிலைப்பள்ளி தூரம், வேற மொழியில பாடம், புள்ள வீட்டோட இருக்கட்டும்” என்று கதவைச் சாத்தினால், நாம் கட்டுவது கோண்டோலின்.

“நீ யார் தெரியுமா? காட்டை வெட்டி ரப்பர் நட்டவங்க பரம்பரை. இந்தா உன் தமிழ். தைரியமாப் போய்ப் படி” என்று அனுப்பி வைத்தால், அது ரிவெண்டெல்.

மாணவச் செல்வங்களே, போங்கள். களைத்தால் திரும்பி வாருங்கள். இந்தக் கதவு திறந்தே இருக்கும்.