வேலை தருவோர்க்கு வரிச்சலுகை

 

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நிலபுலன் உள்ள நம் குடும்பங்களின் பிள்ளைகள், கல்வி முடித்ததும் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்வது வழக்கமாகிவிட்டது. எனினும், சொந்தத் தொழில் நடத்துவோரும் நம்மிடையே உளர். புதிதாக ஆள் சேர்ப்போர்க்கு அரசு அளிக்கும் வரிச்சலுகையை அவர்கள் அறிதல் வேண்டும்.

உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைக்கச் செய்ய அரசுகள் இருவழிகளைக் கையாண்டுள்ளன. ஒன்று கட்டாயம். ஹரியானா மாநிலம் தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் அது செல்லாதெனத் தீர்ப்பளித்தது. மற்றொன்று ஊக்கம். தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை மாவட்டங்களை மூவகையாகப் பிரித்து, தொழில் வளர்ச்சி குன்றியவற்றில் முதலிடுவோர்க்குக் கூடுதல் சலுகை அளித்தது. எனினும் அது பெருமுதலீட்டாளரையே பெரிதும் நோக்கியது.

நம்போன்றோர்க்கு உரியது, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80ஜேஜேஏஏ என்னும் பிரிவாக இடம்பெற்ற சலுகை. முன்பு தொழிற்சாலைகளுக்கு மட்டுமே இருந்த இதனை, 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம், கணக்குத் தணிக்கைக்கு உட்பட்ட பிற தொழில் வணிகங்களுக்கும் விரிவாக்கியது. புதிய பணியாளர்க்குத் தரும் ஊதியம் வழக்கம்போல் செலவாகக் கழிக்கப்படும். அதற்கு மேலும், அவ்வூதியத்தில் 30 விழுக்காடு மூன்றாண்டுகளுக்கு வருமானத்திலிருந்து கழிக்கப்படும். மாதம் 20,000 ரூபாய் ஊதியத்தில் பத்துப் பேரைச் சேர்த்தால் ஆண்டு ஊதியம் 24 லட்சம். கூடுதல் கழிவு ஆண்டுக்கு 7.20 லட்சம்.

ஆயின் நிபந்தனைகள் உண்டு. மாத ஊதியம் 25,000 ரூபாயைக் கடத்தல் ஆகாது. பணியாளர் ஆண்டில் 240 நாட்களேனும் பணியாற்ற வேண்டும். ஆடை, காலணித் தொழில்களுக்கு 150 நாட்கள் போதும். வருங்கால வைப்பு நிதியில் அவர் சேர்ந்திருக்க வேண்டும். ஊதியம் ரொக்கமாக அன்றி வங்கி வழியே செல்ல வேண்டும். மொத்தப் பணியாளர் எண்ணிக்கையும் உயர்ந்திருக்க வேண்டும். ஒருவரை நீக்கி மற்றொருவரைச் சேர்த்தால் சலுகை இல்லை.

இந்நிபந்தனைகளைச் சிலர் தொல்லையெனக் கருதுவர். கடையிலோ ஆலையிலோ பல்லாண்டு உழைத்தும் எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதவர், முதுமையில் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார். அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள் என்பதே இச்சட்டத்தின் உட்பொருள். சலுகையாக விட்டுக்கொடுக்கப்படுவது பொதுமக்கள் பணம். அதற்கு ஈடாகக் கேட்கப்படுவது இந்நேர்மையே.

பணியாளர் எந்த ஊரினர் என்று இச்சட்டம் கேட்பதில்லை. அதனை முடிவு செய்யும் உரிமை நம்முடையது. அடுத்த கிளையையோ கிடங்கையோ பட்டறையையோ நம் ஊர்ப்பக்கம் தொடங்க இயலுமா எனத் தொழில் செய்வோர் தத்தம் தணிக்கையாளருடன் கலந்து கணக்கிட்டுப் பாருங்கள். பத்து வேலைகள் தோன்றினால், ஊரைவிட்டுப் போகாமல் பத்துக் குடும்பங்கள் நிலைக்கும்.