பூச்சித் தூண்டில்

மண்புழு இல்லை, மாவு உருண்டை இல்லை. தூண்டில் முள்ளில் கொஞ்சம் இறகும் மான் ரோமமும் கட்டியிருக்கும். அதைப் பூச்சி என்று நம்பி மீன் கவ்வ வேண்டும்! இதற்கு ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர். இறகுக்கு எடை ஏது? வீசினால் போகாது. அதனால் தூண்டில் கயிற்றைக் கனமாகச் செய்து அதைத்தான் வீசுகிறார்கள். இறகு கூடவே போகும்.

இப்படி மீன் பிடிப்பதில் பேர் வாங்கியவர் லீ வுல்ஃப் என்று ஓர் அமெரிக்கர், 1905-இல் அலாஸ்காவில் பிறந்தவர். பொறியியல் படித்தார், பாரிஸ் போய் ஓவியமும் படித்தார். கடைசியில் வாழ்க்கை மீனோடுதான். சால்மன் மீனைத் தேடி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனார். அங்கே பல ஆறுகளுக்குச் சாலையே கிடையாது. நாமாக இருந்தால் திரும்பியிருப்போம். மனிதர் நாற்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, தண்ணீரில் இறங்கும் குட்டி விமானத்தில் ஆறு ஆறாகச் சுற்றினார்.

அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த மீனைக் குழம்பு வைத்தாரா? ஆற்றிலேயே திரும்ப விடுங்கள் என்றார்! நல்ல மீனை ஒரே தடவை பிடிப்பதோடு முடித்துவிடக் கூடாது என்று 1939-லேயே எழுதினார். இன்று அமெரிக்காவில் பல ஆறுகளில் அதுதான் சட்டம்.