கரண்ட் இல்லாத நாளில் உயிர் போகக் கூடாது
(பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டு புயலிலும் கரண்ட் இல்லாமல் தவித்தோம். விவசாயிக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம்தான், கம்பியில் வந்தால்தானே? வாடகை ஜெனரேட்டரைப் பிடிக்கிறோம். டீசல் செலவும் நம்முடையது, ஆபத்தும் நம்முடையது.

ஒன்று சொல்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் சொருகுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். மெயினை இறக்க ஒருவர் மறந்தால் போதும். அந்த 230 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் போய், ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி, 11,000 வோல்ட் லைனுக்கே போய்விடும். லைன் ஆஃப் என்று நம்பி போஸ்ட்டில் ஏறியிருக்கிற லைன்மேன் என்ன ஆவார்? அவரும் ஏழை வீட்டுப் பிள்ளைதானே! எலக்ட்ரீஷியனை வைத்து, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

மழை பெய்கிறதே என்று மோட்டார் கொட்டாய்க்குள் வைத்துக் கதவை மூடி ஓட்டாதீர்கள். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வீட்டை விட்டு 20 அடியாவது தள்ளி, நாலு பக்கமும் திறந்து, மேலே மட்டும் கூரை போடுங்கள். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு டீசல் ஊற்றுங்கள். ஆயிலைத் தினமும் குச்சி விட்டுப் பாருங்கள். நம்ம ஊர் உப்புக்காற்று எர்த் கம்பியைத் தின்றுவிடும். அதையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

அரசிடம் நாம் கேட்பது இதுதான். சாய்ந்த போஸ்ட்டை உடனே நடு! கரண்ட் இல்லாத நாளுக்கு டீசல் மானியம் கொடு! சேஞ்ச் ஓவர் சுவிட்சை மானிய விலையில் கொடு! மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்கள் இப்போதே முன்னால் வாருங்கள்.