கதிரையை அடுக்குபவர் யார்?



தேர்தல் விவாத மேடைக்கு யாரை அழைப்பது என்ற இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கச் சொன்னபோது கொஞ்சம் தயங்கினேன். நீங்கள் இன்று ஆராயப்போகிற பிழையை நானே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

2024 கார்த்திகையில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்திய வாரம், வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் வேட்பாளர் விவாதம் வைத்தோம். நான்தான் தலைவர். மேடையில் 8 பிளாஸ்ரிக் கதிரைகள் போடலாம். அதற்குமேல் போட்டால் ஓரத்தில் இருப்பவர் விழுந்துவிடுவார். ஆகவே 8 பேரை அழைத்தோம். எந்த 8 பேர்? செயலாளரின் கைத்தொலைபேசியில் யாருடைய இலக்கம் இருந்ததோ, அந்த 8 பேர். எங்கள் அளவுகோல் அவ்வளவுதான். அப்போது அதை அளவுகோல் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை.

விவாதம் தொடங்கி அரைமணி நேரத்தில் ஒரு சுயேச்சைக் குழு வேட்பாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர்தான் கேட்டார்: “மாஸ்ரர், அவரும் துண்டில இருக்கிறார்தானே? பிறகேன் வெளியில நிக்கிறார்?”

“நேரம் காணாது அம்மா” என்றேன். கடைசியில், சனம் எழும்பித் தேத்தண்ணிக்குப் போகிற நேரத்தில், அவருக்கு 2 நிமிடம் கொடுத்தேன். அவருடைய குழுவுக்கு ஆசனம் கிடைக்கவில்லை. அதனால் நான் செய்தது சரியென்று ஆகிவிடாது.

அந்த அம்மாவின் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்வது லேசல்ல. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 6 ஆசனங்களுக்கு 44 கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் போட்டியிட்டன. ஒரு பட்டியலுக்கு 9 பேர்; மொத்தம் 396 வேட்பாளர்கள். பட்டியலுக்கு ஒருவரை அழைத்து ஆளுக்கு 5 நிமிடம் கொடுத்தாலே 3 மணி 40 நிமிடம் போய்விடும். யாரும் யாரையும் மறுத்துப் பேச அதில் இடமில்லை. அது விவாதமாகாது, இடாப்புக் கூப்பிடுவதாகத்தான் முடியும். ஆக, யாரையோ விடத்தான் வேண்டும். யாரை விடுவது, எந்த நியாயத்தில் விடுவது என்பதே வழக்கு.

“ஏற்கெனவே ஆசனம் உள்ளவர்களை மட்டும் கூப்பிடுங்கள்” என்பார்கள் சிலர். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பாருங்கள். 2020இல் இந்த மாவட்டத்தின் 7 ஆசனங்களை 5 தரப்புகள் பகிர்ந்துகொண்டன. 2024இல் அந்த 5இல் மறுபடி ஆசனம் பெற்றவை இரண்டுதான்: தமிழரசுக் கட்சி ஒன்று, தமிழ்க் காங்கிரஸ் ஒன்று. மிச்சம் 4இல் மூன்று தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அதற்கு முன்பு இங்கே அதற்கு ஒரு ஆசனமும் இருந்ததில்லை. மற்றது, வைத்தியர் அர்ச்சுனா இராமநாதன் தலைமையிலான 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கு. பழைய ஆசனக் கணக்கைப் பிடித்திருந்தால், மக்கள் தெரிவுசெய்த 6 பேரில் 4 பேரின் தரப்பு மேடைக்கு வெளியே நின்றிருக்கும். என்னுடைய வேப்பமரத்தடியே போதாமல் போயிருக்கும்.

சரி, விகிதக் கணக்கைப் பிடிப்போம் என்றால் அதுவும் எங்களுக்குக் கைகொடுக்காது. அமெரிக்காவில் ஜனாதிபதி விவாதங்களுக்கான ஆணைக்குழு 2000ஆம் ஆண்டிலிருந்து வைத்த விதி: தேசியக் கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வையுங்கள். 2024 புரட்டாதி 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் நாடு முழுவதும் பெற்றது 226,343 வாக்குகள், 1.70 சதவீதம். கொழும்பிலிருந்து பார்த்தால் கணக்கில் எடுக்க வேண்டாத ஆள். யாழ்ப்பாண மாவட்டத்திலோ அவருக்கு 116,688 வாக்குகள், 31 சதவீதத்துக்கு மேல். முதலில் வந்த சஜித் பிரேமதாசவுக்கு 121,177. நாட்டை வென்ற அநுர குமார திசாநாயக்க இங்கே 27,086 வாக்குகளோடு நான்காம் இடம்.

இது ஏதோ புதுமை என்று நினைக்க வேண்டாம். 1982 ஐப்பசியில் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் குமார் பொன்னம்பலத்துக்கு நாடளாவிய ரீதியில் 2.67 சதவீதம், யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 40 சதவீதம், முதலிடம். 42 ஆண்டு இடைவெளியில் ஒரே கணக்கு இருதடவை வந்திருக்கிறது. இந்த நாட்டில் தேசிய சராசரி என்ற தராசில் தமிழ் வாக்காளரின் தட்டு எப்போதும் மேலேதான் நிற்கும். தராசில் பழுதில்லை என்று சொல்லிக்கொண்டே ஆளை வெளியே விடலாம். அதுதான் இதில் உள்ள வசதி.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன? கனடாவில் புளொக் கியூபெக்குவா கட்சி கியூபெக் மாகாணத்துக்கு வெளியே ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்துவதில்லை. ஆனாலும் அதன் தலைவர் தேசிய விவாத மேடையில் நிற்கிறார். பிரித்தானியாவில் 2010இல் ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி தன்னைச் சேர்க்காத தொலைக்காட்சி விவாதத்தைத் தடுக்க நீதிமன்றம் போய்த் தோற்றது. 5 ஆண்டு கழித்து, 2015 சித்திரையில், அதே கட்சி உட்பட 7 தலைவர்கள் ஒரே மேடையில் நின்றார்கள். ஆனால் அன்றைக்கும் வட அயர்லாந்துக் கட்சிகளுக்கு இடம் கிடைக்கவில்லை. கோடு எங்கே போட்டாலும் அதற்கு அப்பால் ஒருவர் நிற்பார்.

எல்லோரையும் சேர்த்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் கட்சி வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000 ஆக இருந்தது. 2019இல் 35 பேர், 2024இல் 38 பேர் போட்டியிட்டார்கள். இவர்களில் சிலர் தங்களுக்காகக் கேட்கவில்லை, இன்னொருவருக்காகக் கேட்டார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அரச ஊடகத்தில் கிடைக்கிற நேரத்தையும், வாக்கெண்ணும் நிலையத்தில் முகவர் வைக்கிற உரிமையையும் பெரிய வேட்பாளருக்கு விட்டுக்கொடுப்பதற்கென்றே நிற்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரு கதிரை போட்டால், பெரியவருக்கு இரண்டு கதிரை போட்டதாகிவிடும்.

ஆய்வாளர்கள் அதிகம் தொடாத ஒரு சங்கதியும் இருக்கிறது. எங்கள் ஜனாதிபதி வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பத்தெரிவு இடலாம். 2024இல் ஒருவரும் 50 சதவீதத்தைத் தாண்டாததால் முதல் தடவையாக அந்த விருப்பத்தெரிவுகளை எண்ண வேண்டிவந்தது. மூன்று பேரை வரிசைப்படுத்த விடுகிற சட்டம், வாக்காளர் மூன்று பேரையாவது கேட்டறிந்திருப்பார் என்ற எண்ணத்தில்தானே எழுதப்பட்டது? அந்த ஆண்டு நாடு மாதக்கணக்காகக் காத்திருந்தது அநுர, சஜித் இருவரும் நேருக்கு நேர் விவாதிப்பார்களா என்பதற்காக. திகதி பற்றிய இழுபறியிலேயே அது நடக்காமல் போனது. பெரியவர்கள் இருவரும் வரவில்லை என்றால் விவாதமே இல்லை என்ற பழக்கம், சிறியவர்களை அழைக்காமலே வெளியேற்றுகிற இன்னொரு வழி.

என் நிலைப்பாடு இதுதான். விதி அழைப்பிதழுக்கு முன்பே எழுதப்பட்டு, ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வேட்புமனு ஏற்ற மறுநாளே. ஆதரவை அளந்தால் நாட்டளவில் மட்டும் அளக்கக் கூடாது. ஏதாவது ஒரு மாகாணத்தில் வலுவுள்ளவருக்கும் தேசிய மேடையில் இடம் வேண்டும். புதியவர்களுக்கென்று இரண்டு கதிரைகளை ஒதுக்கிச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கலாம். குலுக்கலில் வந்தவர் வேறொருவருக்காகப் பேசினால் ஒலிவாங்கியை வாங்கிவிடலாம். வராதவரின் கதிரை வெறுமையாகவே இருக்கட்டும், கூட்டம் நடக்கட்டும். இவற்றில் எது சட்டமாக வேண்டும், எது தேர்தல் ஆணைக்குழுவின் ஊடக வழிகாட்டலில் சேர வேண்டும், எது எங்களைப் போன்ற சனசமூக நிலையத்தாரின் கையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான முடிவில்லை. அதற்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

வடக்கு மாகாண சபைக்கு இதுவரை ஒரேயொரு தேர்தல்தான் நடந்திருக்கிறது, 2013 புரட்டாதியில். அந்தச் சபையின் காலம் 2018 ஐப்பசியில் முடிந்தது. அடுத்தது எப்போது வந்தாலும் ஊர்ச் சனசமூக நிலையங்கள் மறுபடி மேடை போடும், செயலாளர்கள் மறுபடி கைத்தொலைபேசியை எடுப்பார்கள். மாலை அமர்வு கலைவதற்குள் அவர்களுக்காக அரைப் பக்கத்தில், நல்ல தமிழில், ஒரு விதியை எழுதித் தாருங்கள். நான் முதலில் அந்த வலிகாமத்துச் சனசமூக நிலையத்தின் சுவரில் கொண்டுபோய் ஒட்டுகிறேன்.